அரிவரி முழுக்கப் பாடம், ஆனால் 'படம்' என்று வாசிக்க வரவில்லை

வெள்ளவத்தை அம்மா:

வணக்கம். மகனுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது, அடுத்த வருஷம் தரம் 1. விஜயதசமிக்குக் கோயிலில் ஐயர் மடியில் வைத்துப் பச்சரிசியில் 'அ' எழுதுவித்து ஏடு தொடக்கி இரண்டு வருஷம் ஆகிறது. சுவரில் பெரிய அரிவரிப் படம் தொங்குகிறது, அ தொடங்கி ஔ வரை, பிறகு க கா கி கீ என்று பாட்டு மாதிரிச் சொல்வான், சொந்தக்காரர் வந்தால் சொல்லிக் காட்டுவான், எல்லாரும் கைதட்டுவார்கள்.

நேற்று ஒரு கடதாசியில் 'படம்' என்று எழுதிக் காட்டினேன். "ப... ட... இம்" என்றான். சரி, சேர்த்துச் சொல்லு என்றால் என் முகத்தைப் பார்க்கிறான். பிறகு "மரம்!" என்று ஊகித்தான். அரிவரிப் படத்தில் நடுவில் உள்ள 'கி'யைத் தொட்டு இது என்ன என்று கேட்டால் மனதுக்குள் 'க, கா' என்று தொடக்கத்திலிருந்து ஓடி வந்துதான் 'கி' என்கிறான். அப்போதுதான் விளங்கியது, இவனுக்குப் பாட்டுத்தான் தெரியும், எழுத்துத் தெரியாது.

நேசரியில் தினமும் ஒரு பக்கம் எழுதத் தருகிறார்கள். கை நோகுது என்று அழுகிறான். மாமி "எழுத எழுதத்தான் வரும்" என்கிறா. எனக்கு இந்தச் சண்டையோடு அவன் முதல் வகுப்புக்குப் போகக்கூடாது. வீட்டில் நான் என்ன செய்யலாம்? இரவில் ஒரு அரை மணித்தியாலம் கிடைக்கும், அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனை ரீச்சர்:

தங்கச்சி, நான் ஆரம்பப் பிரிவில் 22 வருஷமாகப் படிப்பிக்கிறேன். உங்கள் மகனைப் போல அரிவரியைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டு ஒவ்வொரு வருஷமும் பாதி வகுப்பு வரும். அவனில் ஒரு குறையும் இல்லை, சொல்லிக்கொடுத்த ஒழுங்குதான் பிழை.

முதலில் அந்த 'இம்'. நாங்கள் மெய்யெழுத்துக்குப் பெயர் வைத்து 'இக், இங், இச்' என்று சொல்லிக்கொடுக்கிறோம். பிள்ளை அதைச் சேர்த்தால் 'படஇம்' என்றுதான் வரும், அப்படி ஒரு சொல் உலகத்தில் இல்லை, அதனால்தான் அவன் உங்கள் முகத்தைப் பார்க்கிறான். 'ம்' என்றால் உதட்டை மூடு, அவ்வளவுதான். "ப" என்று சொல்லு, "ட" என்று சொல்லி உதட்டை மூடு. "ப - டம்." இரண்டு துண்டு. மூன்று நாளில் பிடித்துவிடுவான் பாருங்கள்.

இரண்டாவது, 247 எழுத்தையும் ஒரேயடியாகக் காட்டாதீர்கள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்ற கணக்கு இலக்கணத்துக்கு. வாசிக்கத் தொடங்குகிற பிள்ளைக்கு ட, ப, ம மூன்றும் மேலே வைக்கிற ஒரு குற்றும் போதும். படம், மடம், பட்டம், மட்டம். இந்த நான்கையும் ஒரு கிழமை வைத்து விளையாடுங்கள். அடுத்த கிழமை அரவு (ா) மட்டும்: பாடம், மாடம், பாட்டம். அதற்கடுத்து விசிறி (ி): படி, மடி, மாடி, பாட்டி. 'பாட்டி' வாசித்த அன்றைக்குப் பாருங்கள், ஓடிப்போய் வீட்டில் எல்லாருக்கும் காட்டுவான். பிறகு ர, ல, க என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் மரம், பால், கால், கடல் என்று சொற்கள் தாமாகவே பெருகும்.

எழுத்தை எழுதவும் வேண்டாமா என்று மாமி கேட்பா. எழுதலாம், ஆனால் ஐந்து வயது விரலுக்குப் பென்சில் பாரம். மணலில் எழுதட்டும், தட்டில் அரிசிமாவைப் பரப்பி எழுதட்டும், ரொட்டிக்குப் பிசைந்த மாவில் உருட்டி 'ட' செய்யட்டும். வாசிப்பு எழுத்துக்கு முன்னால் ஓடட்டும், கை ஆறுதலாக வந்து சேரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் பயப்படுவதைப் பார்க்க எனக்குக் கவலையாக இருக்கிறது. எங்கள் மாதிரி எழுத்துமுறைகளில் எல்லா எழுத்தும் பிடிபடக் காலம் எடுக்கும். கன்னடம் படிக்கிற பிள்ளைகளை ஆராய்ந்து சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட கட்டுரையில் அட்சரங்களைக் கற்பது நாலாம் வகுப்பு வரைக்கும் நீள்கிறது என்று காட்டியிருக்கிறார். ஆங்கில எழுத்து 26 என்பதால் அங்கே அந்தக் கட்டம் சீக்கிரம் முடியும். தமிழும் கன்னடத்தைப் போன்றதுதான். ஆகவே தரம் 1க்குப் போக முன் முழுவதும் தெரிய வேண்டும் என்று யாரும் சொன்னால் காதில் போடாதீர்கள்.

பம்பலப்பிட்டி அப்பா:

ரீச்சர் சொன்னது பிரயோசனமானது. ஆனால் நான் வேறு மாதிரிச் செய்தேன், மனதில் பட்டதை நேரே சொல்கிறேன். எங்கள் மகள் இங்கிலீஷ் மீடியம். வகுப்பில் எல்லாம் ஆங்கிலம், வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் வேலையால் வர ஏழு மணி. இருக்கிற கொஞ்ச நேரத்தில் ஆங்கிலத்தை முதலில் நன்றாகப் பிடிக்க வைத்தோம், தமிழைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டோம். இப்போது ஆறரை வயது, ஆங்கிலக் கதைப் புத்தகம் தனியே வாசிப்பாள். தமிழில் தன் பெயர் மட்டும். ஒரு மொழியை ஒழுங்காக முடித்துவிட்டு மற்றதைத் தொடங்கினால் என்ன பிழை?

தெமட்டகொட உம்மா:

பிழை என்று சொல்லமாட்டேன் நானா, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு நிலைமை. ஆனால் எங்கட வீட்டைப் பாருங்கள். மகன் காலையில் தமிழ் மீடியம் பள்ளிக்கூடம், பின்னேரம் குர்ஆன் ஓதப் போவான், அங்கே அரபு எழுத்து வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போகும், மேலேயும் கீழேயும் குறி இருக்கும். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் இருக்கு, சிங்களமும் இருக்கு. நாலு மாதிரி எழுத்து. நான் முதலில் பயந்துதான் போனேன், பிள்ளை குழம்பிவிடுவான் என்று. அவன் குழம்பவே இல்லை. எந்தக் கொப்பியைத் திறக்கிறானோ அந்தப் பக்கத்திலிருந்து கண் தானாக ஓடுது. குழம்பினது ஒரு தரம்தான், 'ட'வைத் திருப்பிப் போட்டான். ஒரு மாதத்தில் அதுவும் போய்விட்டது.

நான் கண்டது என்னவென்றால், வீட்டில் கதைக்கிற மொழியில் வாசிக்கப் பழகின பிறகு மற்றது லேசு. 'பால்' என்று எழுத்துக் கூட்டினவுடன் அவனுக்கு அது என்ன என்று தெரியும், கோப்பையும் தெரியும், ருசியும் தெரியும். ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டி முடித்தாலும் அதன் கருத்தை நான் சொல்ல வேண்டி இருந்தது. உங்கட மகள் வீட்டில் எந்த மொழியில் கதைக்கிறா?

பம்பலப்பிட்டி அப்பா:

தமிழ்தான். அம்மம்மாவோடு முழுக்கத் தமிழ். ம்ம், நீங்கள் கேட்ட பிறகுதான் யோசிக்கிறேன். ஆங்கிலத்தில் அவள் தொடக்கத்தில் ஒரு வருஷம் சரியாகக் கஷ்டப்பட்டாள், 'bat' என்பதை எழுத்துக் கூட்டி "ப-அ-ட" என்று சொல்லிவிட்டு அது என்ன என்று தெரியாமல் நிற்பாள். அதை நாங்கள் மறந்துபோய்விட்டோம்.

கொட்டாஞ்சேனை ரீச்சர்:

அந்த 'ப-அ-ட'வில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது, ஆங்கிலம் படிப்பிக்கிற தமிழ்ப் பெற்றோர் எல்லாருக்கும் சொல்கிறேன். எங்களுக்கு எழுத்து என்றாலே 'க, ச, ட' என்று அகரம் சேர்த்துத்தான் நாக்கு போகும். ஆங்கில ஒலிமுறையில் அந்த அகரம் வரக்கூடாது. அவர்கள் முதலில் எடுக்கிற ஒலிகள் ஸ், அ, ட், ப், இ, ன் என்ற வகை. அதில் மெய் எல்லாம் குற்று வைத்த ஒலி. ஆகவே மெய்யெழுத்துத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைக்கு "இதற்கு மேலே குற்று இருக்கிறது என்று நினை" என்று சொன்னால் போதும், ஒலி வெட்டி வரும். தமிழ் ஆங்கிலத்தை மறிக்காது, உதவிதான் செய்யும்.

மகளுக்கு இப்போதும் ஒன்றும் பிந்திவிடவில்லை. எழுத்து என்றால் ஒலி என்று ஒரு மொழியில் விளங்கின பிள்ளைக்கு இரண்டாவது மொழியில் அதைத் திரும்ப விளங்கப்படுத்த வேண்டியதில்லை. வடிவங்களை மட்டும் பழகினால் சரி. நாளைக்கே 'படம், பட்டம்' தொடங்குங்கள். அம்மம்மா இருக்கிறா என்றால் அதைவிட என்ன வேண்டும்.

நான்கு பேரப்பிள்ளை அம்மம்மா:

நான் வாசிக்க மட்டும்தான் இங்கே வருவது, இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. எழுத்துக் கூட்டுவது பற்றி எல்லாரும் சொல்கிறீர்கள், நல்லது. ஆனால் பிள்ளைக்கு யார் வாசித்துக் காட்டுகிறீர்கள்?

எங்கள் வீட்டுப் பிள்ளை "அப்பா வாறார்" என்று கதைக்கும். புத்தகத்தில் "அப்பா வருகிறார்" என்று இருக்கும். எழுத்தெல்லாம் சரியாகக் கூட்டின பிறகும் 'வருகிறார்' என்ற சொல் அதன் காதுக்குப் புதிது, அதனால் தடுமாறும். அது எழுத்துக் குறை இல்லை, காதுக் குறை. புத்தகத் தமிழ் முதலில் காதால் போக வேண்டும். நித்திரைக்குப் போகும் முன் பத்து நிமிஷம் புத்தகத்தில் உள்ளபடியே, மாற்றாமல், விரலை வரிக்குக் கீழே ஓட்டிக்கொண்டு வாசித்துக் காட்டுங்கள். நான் இரண்டு பேருக்கு இங்கே கொழும்பில் நேரே செய்கிறேன், மற்ற இரண்டு பேர் மட்டக்களப்பில், அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் புத்தகத்தைக் கமராவுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு. ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கும்கள், கேட்கட்டும். பத்தாவது தரம் நான் ஒரு சொல்லை விட்டால் "அம்மம்மா, அது இல்லை" என்று பிடிக்கும்கள். அந்தச் சொல் இனி எந்தப் புத்தகத்தில் வந்தாலும் வாசித்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். வீட்டில் தாத்தாமார் வைத்த பழைய புத்தகங்களில் லை, ளை, னை, ணை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த பழைய கொம்போடு இருக்கும், றா, னா, ணாவும் வேறு வடிவம். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்துதான் இப்போதைய வடிவம் பரவியது. சின்னப்பிள்ளை அதைப் பார்த்தால் பயந்துபோகும். ஏழெட்டு வயதில் காட்டுங்கள், அப்போது ஆசையாகப் பார்க்கும்கள்.

தெஹிவளைக்காரன்:

புத்தகம் வாங்க வசதி இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தரம் 1, தரம் 2 தமிழ்ப் பாடப்புத்தகங்களைக் காசில்லாமல் இறக்கலாம். இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய, நிலை நிலையாகப் பிரித்திருக்கும், அதுவும் இலவசம். வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது, 1942இல் தொடங்கிய சங்கம், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் அந்த அலுமாரிகளைப் பார்ப்பதே ஒரு ஆசை. செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் புத்தகக் கண்காட்சி வரும், தமிழ்க் கடைகள் குறைவு, தேடிப் போனால் கிடைக்கும்.

இன்னொன்று, நான் மகளுக்குப் பாதி வாசிப்பைப் படிப்பித்தது கரையோர ரெயிலில். ஒவ்வொரு ஸ்டேஷன் பலகையிலும் மூன்று மொழியிலும் பெயர் இருக்குமே. கோட்டையில் ஏறினால் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை. ரெயில் நிற்கிற நேரத்துக்குள் வாசித்து முடிக்க வேண்டும், அதுதான் விளையாட்டு. பம்பலப்பிட்டியை முதலில் வாசித்தாள், ஏனென்றால் அதில் ப நாலு தரம் வருகிறது, குற்று வைத்ததையும் சேர்த்துத்தான். 100, 101 பஸ் பலகைகளும் அப்படித்தான், பாணந்துறை, மொறட்டுவை, புறக்கோட்டை.

கொட்டாஞ்சேனை தங்கச்சி:

எனக்கு நடந்ததைச் சொல்லாமல் போக மனமில்லை. என் இளையவன் ஆறு வயதில் எல்லாச் சொல்லையும் ஊகித்தான். கவனம் இல்லை, சோம்பல் என்று நானும் ஏசினேன், ரியூசனிலும் ஏசினார்கள். ஒரு நாள் பஸ் பலகையைக் காட்டினால் பலகையே தெரியவில்லை என்றான். கண் பரிசோதித்தால் தூரப்பார்வை நன்றாகக் குறைந்திருந்தது. வகுப்பில் பின் வாங்கில் இருந்து கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்ன ஒரு வருஷம் முழுக்க அவன் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறான். கண்ணாடி போட்ட அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டு வந்தான். அந்த ஏச்சை இப்போதும் நினைத்தால் எனக்கு அழுகை வரும். வாசிக்கச் சண்டை பிடிக்கிற பிள்ளை என்றால் முதலில் கண்ணையும் காதையும் பாருங்கள், தயவுசெய்து.

வெள்ளவத்தை அம்மா:

மூன்று கிழமைக்குப் பிறகு வருகிறேன். எல்லாருக்கும் நன்றி. கண், காது இரண்டும் காட்டினேன், சரி.

அரிவரிப் படத்தைக் கழற்றிவிட்டேன். பழைய கலண்டர் மட்டையை வெட்டி ட, ப, ம எழுதி, குற்றைத் தனியே ஒரு பொத்தானாக வைத்தேன், அவன் பொத்தானைத் தூக்கி ட மேலே வைத்தால் 'ட்', எடுத்தால் 'ட'. உதட்டை மூடு என்றதும் இரண்டாம் நாளே 'படம்' வந்தது ரீச்சர். 'பட்டம்' வாசித்த அன்று காலிமுகத்திடலுக்குக் கூட்டிப்போய்ப் பட்டம் வாங்கிக் கொடுத்தோம். மாமியும் இப்போது மாவில் எழுத்து உருட்டுகிறா.

இப்போது இரண்டு இடத்தில் நிற்கிறோம். ஒன்று கொம்பு. 'பெட்டி' என்று எழுதினால் கொம்பு முன்னுக்கு இருக்கிறது, அவன் அதை முதலில் வாசிக்கப் பார்க்கிறான், "எ... ப... ட்டி" என்கிறான். இரண்டாவது, தெஹிவளை அண்ணா சொன்ன மாதிரிப் பலகைகள் வாசிக்கப் போய் ஒரு கடையில் 'ரீவி' என்று இருந்தது, அவன் ர என்றே வாசித்தான், அது டிவி என்று சொன்னால் கோபப்படுகிறான், "ர தானே அம்மா!" என்று.

கொட்டாஞ்சேனை ரீச்சர்:

அவன் கோபம் நியாயம். இலங்கையில் நாங்கள் ஆங்கிலச் சொல்லின் 'ட்' ஒலியை ர, ற போட்டு எழுதிப் பழகினோம்: ரீவி, ரியூசன், ரிக்கற். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் அதே சொல் டிவி, டியூஷன், டிக்கெட். இரண்டும் அவன் கண்ணில் படும். "இது வெளியிலிருந்து வந்த சொல், இங்கே இப்படி எழுதுவார்கள்" என்று நேரே சொல்லிவிடுங்கள். இப்போதைக்கு அப்படிப்பட்ட பலகைகளைக் கடந்து போங்கள். ஸ்டேஷன் பெயர்கள் நல்லது.

இதே மாதிரி 'க'வும் வரப்போகிறது. 'கடல்' என்னும்போது ஒரு ஒலி, 'பகல்' என்னும்போது இன்னொரு ஒலி, 'தங்கம்' என்னும்போது மூன்றாவது. எழுத்து ஒன்றுதான். 'காகம்' எழுதிக் கொடுத்தால் முதல் தரம் 'காக்கம்' என்று வாசிப்பான். திருத்த அவசரப்படாதீர்கள், "கா கா என்று கத்துமே, அது என்ன?" என்று கேளுங்கள், தானாகவே திருத்துவான். வீட்டில் கதைக்கிற மொழி என்று உம்மா சொன்னதன் அருமை இங்கேதான், சொல் தெரிந்த பிள்ளைக்கு ஒலி தானாக வந்து பொருந்தும்.

கொம்புக்கு வருவோம். 'பெ' என்பதை இரண்டு துண்டாகக் காட்டாதீர்கள். ஒரு அட்டையில் கொம்பும் பவும் சேர்த்து எழுதி, கொம்பை ஒரு கடதாசியால் மூடுங்கள். "இது என்ன?" "ப." கடதாசியை எடுங்கள். "கொம்பு வந்தால்?" "பெ." கண் முதலில் பவுக்குப் போய்ப் பிறகு கொம்புக்குத் திரும்பப் பழக வேண்டும், அதற்கு இந்த மூடித் திறக்கிற விளையாட்டை ஒரு கிழமை செய்தால் போதும். 'பெட்டி, பெட்டை, மெட்டு' வந்த பிறகு இரட்டைக்கொம்பு. அதற்குப் பிறகுதான் இரண்டு பக்கமும் பிடிக்கிற 'கொ, கோ'. கொள்ளுப்பிட்டியை அதுவரைக்கும் தள்ளி வையுங்கள்.

தெமட்டகொட உம்மா:

ரீச்சர், இதில் ஒன்று சேர்க்கிறேன். சிங்களத்திலும் கொம்புவ முன்னுக்குத்தான் வரும். என் மகன் அதைக் கண்டுபிடித்து "உம்மா, இதுவும் எங்கட மாதிரித்தான்" என்றான். பிறகு சிங்களம் ரீச்சரிடமும் போய்ச் சொல்லியிருக்கிறான்.

பம்பலப்பிட்டி அப்பா:

நாங்களும் தொடங்கிவிட்டோம். மகள் அம்மம்மாவுக்கு 'பாட்டி' என்று எழுதிக் கொடுத்தாள், அவ அதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறா. ஒரு கேள்வி ரீச்சர், உகரத்தில் நிற்கிறோம். கு, சு, டு, து என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளைகிறது, அரவு, விசிறி போல ஒரு குறி பழகினால் எல்லாவற்றுக்கும் வரும் என்று நினைத்தது இங்கே சரிவரவில்லையே.

கொட்டாஞ்சேனை ரீச்சர்:

உண்மை, உகர ஊகாரம்தான் தமிழில் கஷ்டமான வரிசை. அரவும் விசிறியும் போல ஒரே குறி இல்லை. அகரவரிசையில் போகாமல் வடிவத்தால் பிரியுங்கள். சு, பு, யு, வு நான்கும் நேரே கீழே ஒரு கோடு இறங்கும், அதை முதலில். து, நு, லு, று, னு, ணு எல்லாம் கீழே போய் மேலே ஏறும், அதை அடுத்து. கு, டு, மு, ரு, ழு, ளு மிச்சம், அவை சுற்றி வளைகிறவை, ஒவ்வொன்றாகத்தான் பழக்க வேண்டும். முதல் கூட்டத்துக்குப் 'படிப்பு, வயிறு' என்று கலக்காமல் 'பசு, அப்பு, உப்பு, பாம்பு' என்று எடுங்கள். இரண்டாவதுக்குப் 'பந்து, பாலு, மாறு'. மூன்றாவதுக்கு 'வீடு, காடு, மாடு, முட்டை'. ஒரு கூட்டம் கையில் வந்த பிறகுதான் அடுத்தது, இரண்டு மாதம் எடுத்தாலும் பரவாயில்லை.

வெள்ளவத்தை அம்மா:

இதை அப்படியே எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டேன். இன்றைக்குப் பின்னேரம் ஸ்டேஷனில் 'வெள்ளவத்தை' பலகைக்கு முன்னால் நின்று இரண்டு கையாலும் கொம்பை மறைக்கிற மாதிரி காட்டி, "வ... வெ" என்றான். ள்ள வரைக்கும் போனான், அதற்குள் ரெயில் வந்துவிட்டது. நாளைக்கும் போக வேண்டுமாம்.